நோட்டீஸ் செலவு யார் தலையில்?

(புதியம்புத்தூரில் ஆயத்த ஆடை தைப்போரும் விற்போரும் கூடிய கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பெனி பாக்கி கேட்டு அனுப்பிய ஓலையைப் பற்றிப் பேச, தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது. பாஞ்சாலங்குறிச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கிஸ்தி பாக்கி என்று கட்டபொம்மனைக் கூப்பிட்டுவிட்டு, சந்திக்காமல் குற்றாலத்திலிருந்து ராமநாதபுரம் வரை பின்னாலேயே அலையவிட்டார். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கைகலப்பு, கொலை. பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்தது. முடிவு கட்டபொம்மன் பக்கம் வந்தது, ஜாக்சனின் பதவி போனது. வழக்கில் ஜெயித்தாயிற்று. ஜெயித்தவருக்கு என்ன மிஞ்சியது? அடுத்த ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. அது ராஜாங்க விவகாரம், நமது பில் பாக்கியோடு ஒட்டாது என்பீர்கள். ஒட்டும் இடம் ஒன்று உண்டு. பாக்கி எவ்வளவு என்பதில் பெரிய சண்டை வருவதில்லை. பாக்கி கேட்கும் விதத்திலும், கேட்டு அலைந்த செலவு யார் தலையில் விழுகிறது என்பதிலும்தான் மனிதர்கள் உடைந்துபோகிறார்கள்.

இன்றைக்கு என் பேச்சு அந்தச் செலவைப் பற்றி மட்டும்தான்.

உங்களில் பலர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பீர்கள், சிலர் வாங்கியிருப்பீர்கள். அதன் கடைசி வரியைக் கவனித்திருப்பீர்கள். இந்த அறிவிப்பின் செலவு ரூபாய் இவ்வளவு, அதையும் நீரே செலுத்த வேண்டும் என்று இருக்கும். நான் எழுதும் நோட்டீஸிலும் இருக்கும். அந்த வரியைப் பார்த்துப் பயந்து நோட்டீஸ் செலவைக் கட்டியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. பேசி வைத்த ஒப்பந்தம் இல்லாதபோது, வெறும் நோட்டீஸில் எழுதிவிட்டதாலேயே அது கடன் ஆகிவிடாது. நோட்டீஸ் அனுப்பியவர் தன் பையிலிருந்துதான் கொடுத்திருக்கிறார். அங்கேயே கணக்கு ஆரம்பிக்கிறது.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் விதி நேர்மையாகத்தான் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவு, தோற்றவர் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. கொடுக்க வேண்டாம் என்று நீதிபதி முடிவெடுத்தால் காரணம் எழுத வேண்டும். ஆனால் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் நாம் அடிக்கடி பார்ப்பது என்ன? அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டியது. 'செலவுத் தொகையுடன் டிகிரி' கிடைத்தாலும், அந்தச் செலவுப் பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். கோர்ட் கட்டணம் இருக்கும், சம்மன் கட்டணம் இருக்கும், விதிகளில் சொன்ன அளவுக்கு வக்கீல் கட்டணம் இருக்கும். நீங்கள் வக்கீலுக்கு உண்மையில் கொடுத்தது அதில் இருக்காது. வாய்தாவுக்கு வாய்தா தூத்துக்குடிக்குப் போய்வந்த பஸ் காசு, அன்றைக்கு ஓடாத மெஷின், சரக்கு கட்டாமல் போன லோடு எதுவும் இருக்காது.

பொய் வழக்குப் போட்டு இழுத்தடித்தால் தண்டச் செலவு விதிக்க 35ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உச்சவரம்பு மூவாயிரம் ரூபாய். சிரிக்காதீர்கள், உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டிருக்கிறது. டெல்லியில் ஒரு இடத் தகராறில், உயர் நீதிமன்றம் உண்மையான செலவைக் கணக்குப் பார்த்து 45 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செலவு நடைமுறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஆனால் விதி அனுமதிக்கும் அளவைத் தாண்ட முடியாது என்றது. அதே தீர்ப்பில், இந்த மூவாயிரத்தைக் குறைந்தது ஒரு லட்சமாக்குங்கள் என்றும் யோசனை சொன்னது. சாதாரண வழக்குகளுக்கு அந்த மூவாயிரம் சட்டப் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டம் தோற்றவனைச் செலவு கொடுக்கச் சொல்கிறது, நடைமுறையில் பாக்கி வர வேண்டியவன்தான் கொடுக்கிறான். அதனால் வழக்கை ஜெயிப்போமா என்று கேட்பதற்கு முன்னால், எந்த வாசலில் போய் நின்றால் செலவு எதிராளி பக்கம் சாயும் என்று கேட்க வேண்டும். வாசல் தப்பானால் ஜெயித்தும் நஷ்டம்.

தப்பான வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அங்கேதான் கூட்டம் அதிகம்.

சரக்கு வாங்கிய கடைக்காரர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருக்கிறார், பணம் தரவில்லை. உடனே யாராவது காதில் ஓதுவார்கள்: "திவால் நோட்டீஸ் விடு அண்ணாச்சி, கம்பெனியே ஆடிப்போகும்." இது பழைய ஆசை. 1956 கம்பெனிச் சட்டத்தில் 500 ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தால் மூன்று வார நோட்டீஸ் விட்டு, கம்பெனியைக் கலைக்கச் சொல்லி மனுப் போடலாம். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கம்பெனி! பத்திரிகையில் விளம்பரம் வந்தால் பேங்க்காரன் விழித்துக்கொள்வான் என்ற பயத்திலேயே பலர் பணத்தைக் கட்டினார்கள். நீதிமன்றங்களுக்கு இது பிடிக்கவில்லை. நேர்மையாகத் தகராறில் இருக்கும் கடனை வசூலிக்கக் கலைப்பு மனு முறையான வழி ஆகாது என்று 1971இல் மது உல்லன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதியை உறுதிப்படுத்தியது.

அதன் இடத்தில் 2016 திவால் சட்டம் வந்தது. சரக்கோ சேவையோ கொடுத்துப் பாக்கி உள்ளவர் 8ஆம் பிரிவில் கோரிக்கை நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கம்பெனிக்குப் பத்து நாள் அவகாசம். பணம் வரவில்லை, தகராறு இருப்பதாகப் பதிலும் வரவில்லை என்றால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் 9ஆம் பிரிவில் மனு. மனுக் கட்டணம் வெறும் இரண்டாயிரம் ரூபாய். கேட்க மலிவாக இருக்கிறது அல்லவா? அங்கேதான் கண்ணி.

முதலாவது, 2020 மார்ச் 24 முதல் பாக்கி குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு லட்சம்தான். இந்தக் கூட்டத்தில் ஒரே கம்பெனியிடம் ஒரு கோடி மாட்டிக்கொண்டவர் இருந்தால், அவர் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எதிராளி கம்பெனியாகவோ எல்.எல்.பி. ஆகவோ இருக்க வேண்டும். நம்மிடம் சரக்கு எடுப்பவர்களில் முக்கால்வாசி தனி முதலாளிகள், பார்ட்னர்ஷிப்கள். அவர்களுக்கு இந்த நோட்டீஸ் அனுப்புவது ஸ்டாம்புக்குப் பிடித்த கேடு. மூன்றாவது, தமிழ்நாட்டு வழக்கென்றால் தீர்ப்பாயம் சென்னையில். ராத்திரி பஸ், லாட்ஜ், சென்னை வக்கீல்.

நான்காவதைப் பலரிடம் யாரும் சொல்வதில்லை. மனு ஏற்கப்பட்டால் கம்பெனி நிர்வாகத்தைக் கையில் எடுக்க இடைக்காலத் தீர்வு நிபுணர் ஒருவர் வருவார். அவருடைய ஆரம்பச் செலவை முதலில் கட்ட வேண்டியவர் மனுப் போட்டவர்தான். கடன்காரர் குழு ஒப்புக்கொள்ளும் அளவுக்குத்தான் அது திரும்பி வரும். அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பது பேங்க்குகள். மனு ஏற்றவுடன் கம்பெனி மேலுள்ள மற்ற வழக்குகளும் தடைப்படும். கம்பெனி கலைக்கப்பட்டால் முதலில் நடைமுறைச் செலவு, பிறகு தொழிலாளர் நிலுவையும் பேங்க் பாதுகாப்புக் கடனும் என்று வரிசை போகும். சரக்குக் கொடுத்தவர் அந்த வரிசையின் வாலில் நிற்பார். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர் போல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். துணி வாங்கிய வகையில் ஒரு பெரிய மில் கம்பெனி உங்கள் பிரைவேட் லிமிடெட்டுக்கு இந்த நோட்டீஸை அனுப்பினால்? பத்து நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள். தகராறு இருந்தால் இருக்கிறது என்று பதில் அனுப்புங்கள். ஆனால் அந்தத் தகராறு நோட்டீஸ் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இதை நிலைநாட்டிய வழக்கு மொபிலாக்ஸ் எதிர் கிருசா, 2017 செப்டம்பர். 'நச் பலியே' என்ற டிவி நடனப் போட்டிக்கு ஓட்டுப் போடும் தொலைபேசி வேலையை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தது. சுமார் 20 லட்சம் பாக்கி. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தை மீறினாய் என்று பணம் நிறுத்திய கம்பெனி முன்பே 2015 ஜனவரியில் கடிதம் எழுதி வைத்திருந்தது. அந்த ஒரு கடிதம் அதைக் காப்பாற்றியது. தகராறில் யார் சொல்வது சரி என்று இங்கே பார்க்கத் தேவையில்லை, வெறும் புரட்டாக இல்லாமல் விசாரிக்கத் தகுந்ததாக இருந்தால் போதும், திவால் மனு நிற்காது என்றது உச்ச நீதிமன்றம்.

நம் தொழிலுக்கு இதன் அர்த்தம் தெளிவு. சாயம் போகும் துணி வந்ததா, அளவு குறைந்த தான் வந்ததா, அன்றைக்கே வாட்ஸப்பில் போட்டோவோடு அனுப்பிவிடுங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். புரோக்கரிடம் போனில் திட்டியதெல்லாம் சாட்சி ஆகாது. அதே போல நமது சரக்கை வாங்கியவர் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, நோட்டீஸ் போனதும் தையல் சரியில்லை என்று எழுதினால், அந்தக் கதை அவ்வளவு எளிதில் எடுபடாது.

மனு தள்ளுபடியானால் இழுத்துக்கொண்டு வந்தவர் எதிராளியின் செலவைக் கொடுப்பாரா? மோசடியாகவோ கெட்ட நோக்கத்தோடோ மனுப் போட்டதாக நிரூபித்தால் 65ஆம் பிரிவில் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் உண்டு. அது அபராதம், உங்கள் கைக்கு வரும் செலவுத் தொகை அல்ல. இங்கிலாந்தில் வேறு மாதிரி. தகராறில் இருக்கும் கடன் என்று தெரிந்தே கம்பெனியைக் கலைக்க மனுப் போட்டு மிரட்டினால், எதிராளியின் செலவை ஏறக்குறைய முழுசாகக் கட்டவைப்பார்கள். நீதிபதி ஹாஃப்மன் 1991இல் அப்படிப்பட்ட ஒரு வழக்கில் வழியைக் காட்டினார், பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பொதுவாக ஜெயித்தாலும் தோற்றாலும் அவரவர் வக்கீலுக்கு அவரவர் காசு. நாம் புத்தகத்தில் இங்கிலாந்து, வழக்கத்தில் அமெரிக்கா.

சரி, நம் அளவுக்கு வருவோம். நான்கு லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் தாண்டியதால் வணிக வழக்கு. 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தின்படி, அவசரத் தடை ஏதும் கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் வந்தால் பிராதையே நிராகரிக்கலாம் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பு. மூன்று முதல் பத்து லட்சம் வரை சமரசக் கட்டணம் 15,000, இரு தரப்பும் பாதிப் பாதி. எதிராளி வரவே இல்லை என்றால் அதைக் குறித்து அறிக்கை கொடுத்துவிடுவார்கள், பிறகு வழக்குப் போடலாம். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. நான்கு லட்சத்துக்குப் பன்னிரண்டாயிரம்.

வணிக வழக்கில் செலவு விதி கொஞ்சம் பல் முளைத்தது. வக்கீல் கட்டணம், சாட்சிச் செலவு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கலாம். ஒரு தரப்பு நியாயமான சமரசத்தை முன்வைத்து, மறு தரப்பு காரணமில்லாமல் மறுத்ததா என்றும் நீதிபதி பார்ப்பார். ஆகவே வாங்கியவர் மூன்றே கால் லட்சம் இப்போது தருகிறேன் என்று எழுத்தில் சொன்னால், கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு தொகையை எழுத்தில் சொல்லி வையுங்கள். பின்னால் செலவு பேசும்போது அந்தக் காகிதம் பேசும்.

பாதி வழியில் சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம்? திரும்ப வாங்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட்டே அனுப்பி வைத்த சமரசத்துக்குத்தான் கட்டணம் திரும்பும், கட்சிக்காரர்கள் வெளியில் தாங்களே பேசி முடித்தால் திரும்பாது என்று ஒரு வாதம் ஓடியது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீடு போனது யார்? அதே உயர் நீதிமன்றத்தின் நிர்வாகம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்சிக்காரர் பக்கம் நின்றது. டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்தாலும் கட்டணம் திரும்பும்.

செக் கொடுத்திருந்தால் 138 வழக்கு. ரிட்டர்ன் மெமோ வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால ஈடு கேட்கலாம். இதை எல்லாரும் கரைத்துக் குடித்திருக்கிறீர்கள், நான் நேரம் போக்கவில்லை.

இப்போது சரியான வாசல். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தைத்துக் கொடுக்கும் குறு, சிறு தொழில்களுக்கு இது பொருந்தும், கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் சேர்த்து. ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் பதினைந்து நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் ஆறு என்று வைத்தால் பதினெட்டு சதவீதம். ஒரு லட்சம் ஒரு வருடத்தில் 1,19,562 ஆகிவிடும். இந்த வட்டியை வாங்கியவர் வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. வழக்குச் செலவை நேராக எதிராளி தலையில் வைக்கும் வழி நம் சட்டத்தில் பலவீனமானது என்றேன் அல்லவா, இந்த வட்டி அந்தக் குறையை ஓரளவு அடைக்கிறது.

முறையிட வேண்டிய இடம் வசதிக் கவுன்சில். மதுரையிலும் மண்டலக் கவுன்சில் உண்டு. எதிராளி கேரளாவிலோ ஆந்திராவிலோ இருந்தாலும் சப்ளை செய்தவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்குத்தான் அதிகாரம். அலைச்சல் யாருக்கு என்று பாருங்கள். இணையத்திலேயே மனுப் போடலாம். முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம். காகிதத்தில் தொண்ணூறு, நிஜத்தில் கூடுதலாக இழுக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தீர்ப்பு வந்தபின் எதிராளி அதைக் கோர்ட்டில் எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மேல்முறையீடு மேல்முறையீடாக இழுத்து நம்மைச் சோர்வாக்கும் வித்தை அங்கே செல்லாது.

இதற்குச் சாவி உத்யம் பதிவு. இலவசம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. பாக்கி விழுந்தபின் பதிவு செய்து பழைய பில்லுக்கு இந்தச் சலுகை கேட்டவர்களை 2021 சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு ஏமாற்றியது. பக்கத்து யூனிட்டில் வாங்கி லேபிள் மட்டும் ஒட்டி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த வாசல் திறக்காது, உத்யம் எண் இருந்தாலும். 2024 ஏப்ரல் முதல், குறு சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காதவர் அந்தக் கொள்முதலைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் வந்துவிட்டது. உங்கள் பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். வாங்குபவரின் ஆடிட்டர் பார்க்கட்டும். வக்கீல் நோட்டீஸுக்கு அசையாதவர்கள் ஆடிட்டர் போனுக்கு அசைகிறார்கள்.

"கேஸ் போட்டால் அடுத்த தீபாவளி ஆர்டர் போய்விடுமே சார்?" முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி முணுமுணுப்பது கேட்கிறது. போகும். அதுதான் எந்த டிகிரியிலும் ஏறாத பெரிய செலவு. இதற்கு என்னிடம் மருந்து கிடையாது, ஒரு யோசனை உண்டு. வழக்குக்குப் போகாமலே பாக்கியை உயிரோடு வைத்திருக்கலாம். சரக்குப் பாக்கிக்கு மூன்று வருடக் கெடு. அதற்குள் இவ்வளவு பாக்கி உண்டு என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். வருடா வருடம் மார்ச் மாதம் கணக்கு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அதற்கு எந்தக் கடைக்காரரும் கோபிக்க மாட்டார். செலவு ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப்.

ஒட்டப்பிடாரத்துப் பிளீடர் வ.உ.சி.யை இங்கே சொல்லாமல் போக முடியாது. கப்பல் கம்பெனி நடத்தியவர், சிறைத் தண்டனையோடு வக்கீல் சன்னதையும் இழந்தவர். நீதிபதி வாலஸ் உதவியால் அதைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியில் மறுபடியும் தொழில் பார்த்தார். 1936இல் அவர் எழுதிய உயிலில் ஜவுளிக்கடை பாக்கியும் எண்ணெய்க்கடை பாக்கியும் இருக்கின்றன. யாரும் நோட்டீஸ் விட்டதால் எழுதியதல்ல. கடன் கொடுத்தவன் அலையக் கூடாது என்று கடன்பட்ட வக்கீலே எழுதி வைத்த ஒப்புதல் அது. எல்லா வாடிக்கையாளரும் வ.உ.சி. அல்ல, அதனால்தான் நாம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒன்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. இந்தக் கரிசல் கிராமங்களில் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பாவாடைக்கும் ஃபிராக்குக்கும் பீஸ் கணக்கில் தைக்கிற அக்காமார்களுக்கு நம்மில் சிலர் இரண்டு மாதக் கூலி பாக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் நோட்டீஸ் விடுவதில்லை, அதனால் அவர்களுடைய செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் அவர்களில் பலர் இப்போது உத்யம் பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜாப் ஒர்க்கும் அதே சட்டத்தில்தான் வருகிறது, அதே 45 நாள், அதே மூன்று மடங்கு வட்டி. மதுரைக்குப் போகும் பஸ் அவர்களுக்கும் தெரியும்.

என் பங்கு முடிந்தது. பில் புத்தகத்தையும் பழைய பாக்கிக் கணக்கையும் கையோடு கொண்டுவந்தவர்கள் முதலில் முன்னால் வாருங்கள், பார்த்துவிடுவோம். மூன்று வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே வாருங்கள்.